உள்ளங்கை அழித்த எழுத்து



எங்கள் பெரியக்காவின் கதையை எழுதி இங்கே போடுகிறேன் என்று பொங்கலுக்குச் சொல்லியிருந்தேன். "என்னங்க சார், இன்னும் காணோம்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எழுதாமல் இல்லை. எழுதினேன். எழுதியதில் ஒரு பகுதியை என் உள்ளங்கையே அழித்துவிட்டது. அது எப்படி என்று தெரிந்துகொள்ளப் போய், எழுதும் கருவிகளைப் பற்றிப் பழைய கதைகள் நிறையப் படிக்க வேண்டியதாயிற்று. வாத்தியார் புத்தி, படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சிலேட்டில் எழுதும்போது பின்னால் வந்து நின்று, "கையைத் தூக்கி எழுது, உள்ளங்கை படாதே" என்பேன். பிஞ்சுக் கையில் வேர்வை இருக்கும். 'அ' எழுதி 'ஆ'வுக்குப் போவதற்குள் 'அ' பாதி அழிந்திருக்கும். இடக்கைப் பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம். அவர்கள் கை எழுதியதன் மேலேயே நகர்ந்து போகும். அவர்களில் சிலரை நான் அதிகமாகவே கடிந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் இதைப் படித்தால், சார் தெரியாமல் செய்தது என்று மன்னித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அறுபத்தாறு வயதில் அதே தப்பை நானே செய்தேன்.

நடந்தது இதுதான். மகள் கொடுத்த மடிக்கணினி. அக்காவைத் திண்ணையில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அக்காவுக்கு எழுபத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் ஜின்னிங் பேக்டரிக்குப் பஞ்சு பொறுக்கப் போனவர். திருப்பூர் என்றாலே இன்று பனியன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்பே இது பஞ்சுச் சந்தை ஊர். சுற்று வட்டாரக் கரிசல் காட்டுப் பருத்தி இங்கே வந்துதான் கொட்டை நீக்கிப் பொதியாகப் போகும். அந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். அக்கா பின்னால் பனியன் கம்பெனிக்கு மாறி, செக்கிங்கில் கண் மங்கும் வரை இருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கிய அந்தக் கூலியில்தான் 1977-ல் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா இதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பேக்டரிக்குப் போகும் வழியில் இருந்த பள்ளிக்கூடத்தைப் பற்றி, அந்தச் சன்னலைப் பற்றி. நான் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தேன். எழுத்தைவிட அவர் பேச்சு வேகம். முடிந்ததும் சேமித்து மூடிவைத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் அந்தப் பத்தி இல்லை. இருந்த இடத்தில் இரண்டு வரி மட்டும். அதுவும் வேறு பத்தியின் நடுவில் போய்ச் செருகிக்கொண்டு நின்றது.

யாரோ கை வைத்தார்கள் என்று முதலில் பேரனைச் சந்தேகப்பட்டேன். கை வைத்தது நான்தான். விசைப்பலகைக்குக் கீழே ஒரு சதுரம் இருக்கிறதே, டச்பேட், அதன்மேல் என் கட்டைவிரலின் அடிச்சதை உரசியிருக்கிறது. அந்த உரசலைக் கணினி விரல் என்று எடுத்துக்கொண்டு, முந்தைய பத்தியைத் தேர்ந்தெடுத்து நீலமாக்கிவிட்டது. தேர்ந்தெடுத்த எழுத்தின்மேல் அடுத்த விசையைத் தட்டினால் பழையது போய்ப் புதியது உட்காரும். நான் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இப்படி ஒரு சதுரத்தைக் கை வந்து விழுகிற இடத்தில் கொண்டுவந்து யார் வைத்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் தட்டச்சுப்பொறி. பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்த காலத்தில், எல்லோரையும் போல நானும் டைப் கிளாஸ் போனேன். காலை ஆறு மணி பேட்ச். முப்பது இயந்திரம் ஒரே நேரத்தில் அடித்தால் ஓட்டு வீட்டில் ஆலங்கட்டி மழை பெய்வது போல இருக்கும். அங்கே எங்கள் மாஸ்டர் மணிக்கட்டுக்குக் கீழே மர ஸ்கேலை நீட்டிப் பிடிப்பார். மணிக்கட்டு தாழ்ந்தால் ஸ்கேல் இடிக்கும். கை அந்தரத்தில் நிற்க வேண்டும், விரல் மட்டும் விழ வேண்டும். அந்த இயந்திரத்தின்மேல் கையை வைத்தால் ஒன்றும் நடக்காது. அழுத்தி அடித்தால்தான் எழுத்து விழும். நாம் வேண்டுமென்று செய்ததை மட்டும்தான் அது கேட்கும்.

தமிழுக்கு அந்த இயந்திரம் சும்மா வந்துவிடவில்லை. நம் எழுத்து 247. ஆங்கிலத் தட்டச்சுப்பொறியில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர் இந்தக் கணக்கோடு பல காலம் போராடினார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறோம். அவர் கண்ட வழிகளில் முக்கியமானது 'நகரா விசை'. சாதாரண விசையைத் தட்டினால் தாள் ஓர் எழுத்து நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், தாள் நகராது. 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், பிறகு 'க'. புள்ளிக்குக் கீழே வந்து 'க' உட்காரும். 'கி' வேண்டுமென்றாலும் கொக்கி முதலில், 'க' பிறகு. எழுதும்போது உள்ள வரிசை அடிக்கும்போது தலைகீழ்.

கவனித்தீர்களா? இயந்திரத்தால் முடியாததைக் கை விட்டுக்கொடுத்துச் செய்தது. விரல்தான் பழகிக்கொண்டது. நான் அந்த வகுப்பில் முதல் மாதம் முழுக்கத் திணறியது இந்தத் தலைகீழ் வரிசையில்தான்.

பிறகு கணினி வந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆனால் அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஒரு விசைப்பலகை. ஒருவர் அனுப்பியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகைதான் தமிழ்99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். அதில் ஓர் அழகு உண்டு. 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத் தட்டினால் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். 'ங' அடித்து 'க' அடித்தால் 'ங்க' ஆகிவிடும். முத்தையா காலத்தில் கை இயந்திரத்துக்குப் பழகியது. இங்கே இயந்திரம் நம் மொழியின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு நடந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு ஆறு வாரத்தில் நான் இதைப் படித்துக்கொண்டேன். உங்களாலும் முடியும்.

இனி அந்தச் சதுரத்துக்கு வருகிறேன்.

முதலில் வந்த மடிக்கணினிகளில் விசைப்பலகை நம் வயிற்றுக்குப் பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி இருக்கும். கை வைக்க இடம் கிடையாது. 1983-ல் கவிலான் என்ற அமெரிக்கக் கணினி ஒன்று வந்தது. அதில் தொட்டு நகர்த்தும் பலகை இருந்தது. எங்கே தெரியுமா? விசைகளுக்கு மேலே, திரைப் பக்கம். உள்ளங்கை எட்டாத இடம். அது அங்கேயே இருந்திருந்தால் என் அக்காவின் பத்தி பிழைத்திருக்கும்!

1991-ல் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் என்ற மடிக்கணினியைக் கொண்டுவந்தது. அதில் விசைப்பலகையைத் திரைப் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் கை வைத்துக்கொள்ளத் திண்ணை மாதிரி இடம் விட்டார்கள். நடுவில் உருட்டும் பந்து ஒன்று. கைக்கு ஓய்வாக இருந்ததால் மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். பந்து என்றால் அழுக்குச் சேரும், தேயும். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்பைட் என்பவர் 1980-களின் இறுதியில் விரல் தொடுவதை உணரும் பலகை ஒன்றை உருவாக்கியிருந்தார். 1994-ல் வந்த பவர்புக் 500 வரிசையில் பந்தை எடுத்துவிட்டு அந்த வகைப் பலகையை வைத்தார்கள். அதிலிருந்துதான் இது பரவியது. கை ஓய்வெடுக்க விட்ட திண்ணையின் நடுவிலேயே, தொட்டால் விழித்துக்கொள்ளும் பலகையும் வந்து உட்கார்ந்துவிட்டது. என் தொல்லைக்குப் பிறந்த ஆண்டு அதுதான்.

எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் டெட் செல்கர் என்பவர், தட்டச்சு செய்கிறவர் கையை விசைகளிலிருந்து எடுக்கவே கூடாது என்று நினைத்தார். 1992-ல் வந்த திங்க்பேட் கணினியில் ஜி, எச், பி விசைகளுக்கு நடுவே சிவப்புக் குமிழ் ஒன்றை வைத்தார்கள். சுட்டுவிரலால் அழுத்தினால் அந்தத் திசையில் அம்பு நகரும். டைப் கிளாஸ் மாஸ்டர் பார்த்திருந்தால் அதைத்தான் மெச்சியிருப்பார். இன்றும் அந்த வகைக் கணினிகளில் அந்தக் குமிழ் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தப் பலகை சாதாரண வீடுகளுக்குள் வந்தது 2011-க்குப் பிறகு. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. என்னிடம் படித்துவிட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பெட்டியோடு வந்து காட்டிவிட்டுப் போனீர்கள். மவுஸ் இல்லாமல் விரலால் நீங்கள் அம்பை ஓட்டியதை நான் வாய் பிளந்து பார்த்தேன்.

இந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது? அழுத்தத்தை அது பார்ப்பதில்லை. மேல் தோலுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக, துணியில் பாவும் ஊடையும் போல, மெல்லிய மின்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றில் சிறிதளவு மின்னேற்றம் இருக்கும். நம் உடம்பு மின்சாரம் கடத்தும். விரல் நெருங்கினால் அந்த ஏற்றத்தின் அளவு கொஞ்சம் மாறும். எந்தப் பாவு, எந்த ஊடை மாறியது என்று பார்த்து விரல் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. அதனால் தொட்டாலே போதும், அழுத்த வேண்டியதில்லை. தட்டச்சுப்பொறி அடிக்காக் காத்திருந்தது. இது தொடுகைக்கே எழுந்துவிடுகிறது.

அப்படியானால் விரலையும் உள்ளங்கையையும் எப்படிப் பிரிப்பது? பரப்பை வைத்துத்தான். விரல்நுனி சின்ன வட்டம், உள்ளங்கை பெரிய திட்டு. பெரிய திட்டு வந்தால் ஒதுக்கிவிடு, விசை தட்டிக்கொண்டிருக்கும்போது தொடுகையைக் கணக்கில் எடுக்காதே என்று உள்ளே கட்டளை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் என்னைப் போலக் கட்டைவிரல் அடிச்சதையின் ஓரம் மட்டும் லேசாகப் பட்டால், அதுவும் சின்ன வட்டம்தான். அதற்கு எப்படித் தெரியும்? சித்திரை வெயிலில் கை வேர்த்திருந்தால் இன்னும் குழப்பம், ஈரமும் மின்சாரம் கடத்துமே. சார்ஜரைச் சரியான எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் அம்பு சில சமயம் தானாகத் துள்ளும். என் வீட்டுத் திண்ணைப் பிளக் பழைய இரண்டு துளைப் பிளக். அன்று வேர்வை, சார்ஜர், தாழ்ந்த மணிக்கட்டு மூன்றும் சேர்ந்துகொண்டன.

இதையெல்லாம் எனக்கு எளிதாகப் புரியவைத்தது நம் மாணவர் ஒருவர். நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இது நம்ம நிட்டிங் மெஷின் கதைதானுங்க. நூல் அறுந்தா மெஷின் தானா நின்னு லைட் எரியோணும். அதுக்கு ஸ்டாப் மோஷன் வெச்சிருக்கோம். அதை ரொம்ப நுணுக்கமா வெச்சீங்கன்னா நூல் அறாமயே பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நிக்கும், புரொடக்சன் போயிரும். தளத்தி வெச்சீங்கன்னா நூல் அறுந்தும் ஓடும், துணி பூரா ஓட்டை. நூலுக்கு நூல் பாத்து வெக்கோணுமுங்க. பேக்டரில வந்த மாதிரியே யாருங்க சார் ஓட்டுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடமாக அந்தக் கணினியை வந்தது வந்தபடியே வைத்து, நான்தான் தடுமாறுகிறேன், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் கைக்கும் பொதுவாகத் திருப்பி வைத்த திருகு அது. என் கைக்கு நான் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் செய்துகொடுத்ததைச் சொல்கிறேன். என் வயது ஆட்கள் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் உங்கள் அப்பா அம்மாவுக்குச் செய்துகொடுங்கள். விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ் போய், புளூடூத் அண்ட் டிவைசஸ் என்பதில் டச்பேட்டைத் திறந்தால், சென்சிட்டிவிட்டி என்று நான்கு படி இருக்கும். அதைக் கடைசிப் படியான 'லோ'வில் வைத்தார். அதே பக்கத்தில், ஒரு விரலால் தட்டினால் கிளிக் ஆவதற்கான குறியை எடுத்துவிட்டார். இப்போது அழுத்தினால் மட்டும்தான் கிளிக். மவுஸ் மாட்டியிருக்கும்போதும் டச்பேட் வேலை செய்யட்டும் என்ற குறியையும் எடுத்துவிட்டு, சின்ன மவுஸ் ஒன்றை மாட்டிவிட்டார். மவுஸ் இருக்கிற வரை அந்தச் சதுரம் தூங்கும். சில கணினிகளில் மேல் வரிசை விசை ஒன்றே டச்பேட்டை அணைக்கும். பிளக்கை எர்த் உள்ள மூன்று துளைக்கு மாற்றச் சொன்னார். அதோடு கண்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது ரத்தாகும் என்று காட்டினார். அன்று சாயங்காலம் மூடுவதற்கு முன் இது ஒன்று தெரிந்திருந்தால் போதுமாக இருந்தது.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். பழைய மர ஸ்கேலைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். மணிக்கட்டு தாழ்ந்தால் கண்ணில் படும்.

எல்லாம் சரியாயிற்று. பத்தி மட்டும் வரவில்லை.

மறுபடி அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னிக்குச் சொன்னீங்களே, பள்ளிக்கூடத்துச் சன்னல், அதை இன்னொருக்கா சொல்லுங்க."

"என்ன சொன்னேன்?"

"பேக்டரிக்குப் போறப்ப அங்க நின்னு பாத்தேன்னு."

"ஆமா, நின்னு பாப்பேன். நேரமாயிரும்னு ஓடிருவேன். அதையெல்லாம் எதுக்குச் சாமி எழுதிக்கிட்டு? நீ படிச்சியே, போதும்."

அவ்வளவுதான் சொன்னார். முதல்முறை சொன்னது இதுவல்ல. முதல்முறை, சன்னலுக்கு உள்ளே என்ன பாடம் நடந்தது, எந்த எழுத்தை மண்ணில் எழுதிப் பார்த்தார், நான் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று மனதில் என்ன நினைத்தார் என்று வரிசையாகச் சொன்னார். என் ஞாபகத்தில் பொருள் இருக்கிறது. அவர் வார்த்தை இல்லை. அவர் சொன்னபோது நான் கேட்கவில்லையே, தட்டிக்கொண்டல்லவா இருந்தேன். இப்போது என் வார்த்தையில் எழுதி அக்கா சொன்னது என்று போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அந்தக் கதை இன்னும் வரவில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் போகிறேன். கணினியை எடுத்துப் போவதில்லை. செல்பேசியில் குரலைப் பதிவு செய்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து, மவுஸை மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கி வைத்துத் தட்டுகிறேன். சன்னல் பேச்சு மறுபடி வரவில்லை. வேறு பேச்சுகள் வருகின்றன. போன வாரம் ஜின்னிங் பேக்டரிச் சங்குச் சத்தத்தைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். அது பத்திரமாக இருக்கிறது, இரண்டு இடத்தில் சேமித்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஓர் அக்கா, ஓர் அப்பத்தா, ஓர் அம்மிணி இருப்பார். பஞ்சு பொறுக்கியோ, கைமடி அடித்தோ, செக்கிங்கில் நின்றோ உங்களைப் படிக்கவைத்தவர். அவர் பேசும்போது முதல்முறையே கேட்டுக்கொள்ளுங்கள். கணினியின் திருகை உங்கள் கைக்குத் தகுந்தபடி இன்றைக்கே திருப்பி வையுங்கள், ஐந்து நிமிட வேலை.

சன்னல் கதை தெரிந்த உறவுகள் யாராவது இருந்தால், அக்கா எப்போதாவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் சொன்னபடியே எனக்குச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்